உனக்கெதற்கு ராக்?

1975ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், டேவிட், டேனிஸ், பாபி என்ற மூன்று சகோதரர்கள் ஒரு ஸ்டுடியோவில் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஹேக்னி குடும்பத்துக் கறுப்பினப் பிள்ளைகள். வேகமான, முரட்டுத்தனமான, சுற்றிவளைக்காத ராக். பின்னாளில் உலகம் எதை பங்க் என்று அழைத்ததோ, ஏறத்தாழ அதே சத்தம். நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவுடைய முதல் ஆல்பம் வந்தது 1976 ஏப்ரலில். லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ் தங்கள் முதல் பாட்டை வெளியிட்டது அதே ஆண்டு நவம்பரில். பங்க் வரலாறு என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான் தொடங்கும். ஹேக்னி சகோதரர்களின் ஏழு பாட்டுகளும் ஒரே ஆல்பமாக வெளிவந்தது 2009இல். இடையில் 34 ஆண்டுகள்.

அவர்களுடைய குழுவின் பெயர் டெத். மரணம் என்றே பெயர்.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் பயன்படுத்தும் சொல் ஒன்று உண்டு: ‘மறக்கப்பட்ட இசைக்குழு’. எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை இருக்கிறது. மறக்கப்பட்ட என்று எழுதிவிட்டால் மறந்தவர் யார் என்பது வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடும். நமக்கு இந்த இலக்கணம் பழக்கம்தான். ‘இளைஞர் தாக்கப்பட்டார்’, ‘குடிசைகள் கொளுத்தப்பட்டன’, ‘பாதை மறிக்கப்பட்டது’ என்று நாளிதழில் வரும். தாக்கியவரும் கொளுத்தியவரும் மறித்தவரும் எழுவாயாக வரவே மாட்டார்கள். தவிர, ஒன்றை மறக்க வேண்டுமென்றால் முதலில் அது தெரிந்திருக்க வேண்டும். டெத் குழுவின் பாட்டைக் கேட்கும் வாய்ப்பே யாருக்கும் தரப்படவில்லை என்பதுதான் நடந்தது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் ராக், பங்க், பாப்-பங்க் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்பதை வெளியே சொல்லக் கூச்சப்படுபவர்களும் இருக்கிறீர்கள். ‘போராட்டத்துக்கு வர்றவன் இங்கிலீஷ் பாட்டு கேக்கலாமா’ என்று ஒரு தோழர் கேலி செய்துவிடுவாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காகத்தான், அதிகம் பேசப்படாத சில குழுக்கள் எப்படித் தொடங்கின என்பதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் சரக்கை இரண்டாகப் பிரித்தன. கறுப்பினத்தவர் பாடி, கறுப்பினத்தவருக்கே விற்கப்பட்டவை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையர் பாடியவை ‘ஹில்பில்லி’. உண்மையில் அந்த ஊர்களில் இரு தரப்பும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு, ஒருவர் வாசிப்பதைப் பார்த்து மற்றவர் கற்று வளர்ந்தவர்கள்தான். பாட்டில் இல்லாத கோட்டை விற்பனைப் பட்டியலில் போட்டார்கள். பில்போர்ட் பத்திரிகை தன் பட்டியலில் ‘ரேஸ்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது 1949இல். பெயர்தான் மாறியது, கோடு அப்படியே இருந்தது.

இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் ராக் பிறந்தது? சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் 1940களிலேயே எலெக்ட்ரிக் கிதாரை அலறவிட்டுக்கொண்டிருந்தார். எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடிப் புகழ்பெற்ற ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை 1952இலேயே பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். ரோசெட்டா தார்ப் 1973இல் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூடப் பல ஆண்டுகள் இல்லை. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமைப்பு அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான். இதற்கெல்லாம் நடுவில் என்ன ஆனதென்றால், 1970 வாக்கில் ராக் என்பது வெள்ளையர் இசை என்று வெள்ளையரும் நம்பினார்கள், கறுப்பினத்தவரில் பலரும் நம்பத் தொடங்கினார்கள். கறுப்பினப் பையன் கிதாரைச் சத்தமாக வாசித்தால் வெள்ளைக்காரனைக் காப்பியடிக்கிறான் என்றார்கள். பாட்டன் சொத்தைத் தொட்ட பேரனைத் திருடன் என்ற கதை.

இந்தப் பின்னணியில்தான் டெட்ராய்ட். மோட்டார் தொழிற்சாலைகளின் நகரம். 1967 ஜூலையில் ஒரு போலீஸ் சோதனையை ஒட்டி வெடித்த கிளர்ச்சியில் 43 பேர் இறந்தார்கள், ராணுவம் தெருவில் இறங்கியது. கறுப்பினத்தவர் இசையை உலகமெங்கும் கொண்டுபோன மோடவுன் நிறுவனம் 1959இல் இங்கேதான் தொடங்கியது. 1972இல் கடையைக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. இதே நகரத்தில்தான் எம்சி5, ஸ்டூஜஸ் போன்ற குழுக்களில் வெள்ளை இளைஞர்கள் முரட்டு ராக் வாசித்தார்கள். ஒரே ஊர்தான், ஆனால் எந்தத் தெருவில் எந்த இசை என்று சொல்லாமலே வகுக்கப்பட்டிருந்தது.

ஹேக்னி சகோதரர்கள் தங்கள் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லும் கதை எளிமையானது. 1964இல் பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது அப்பா பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் மூத்தவர் டேவிட், சந்தில் யாரோ தூக்கியெறிந்த ஒரு கிதாரைக் கண்டெடுத்தார். அதில்தான் கற்றுக்கொண்டார். டேனிஸ் டிரம்ஸ், பாபி பேஸ் கிதாரும் பாட்டும். வீட்டிலேயே பயிற்சி. தொடக்கத்தில் ‘ராக் ஃபயர் ஃபங்க் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ஊரார் எதிர்பார்த்த ஃபங்க் இசையைத்தான் வாசித்தார்கள். தி ஹூ என்ற பிரிட்டிஷ் குழுவை மேடையில் பார்த்த பிறகு டேவிட் மாறிவிட்டார். இனி ராக்தான். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். சத்தம் மட்டும் காரணமல்ல. கறுப்பினப் பையன்களாய் இருந்துகொண்டு இதை ஏன் வாசிக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி.

அப்பா ஒரு விபத்தில் இறந்துபோனார். குழுவுக்கு டெத் என்று பெயர் வைத்தது அதன் பிறகு. பயமுறுத்துவதற்காக வைத்த பெயரல்ல, மரணத்தையும் வேறு கண்ணால் பார்க்கலாம் என்பது டேவிட்டின் எண்ணம். இசைத்தட்டு உலகத்தில் பெரிய கை க்ளைவ் டேவிஸ். அவருக்குப் பாட்டுகள் பிடித்திருந்தன, பெயர் பிடிக்கவில்லை. மாற்றினால் ஒப்பந்தம். டேவிட் மாட்டேன் என்றார். பன்னிரண்டு பாட்டுகள் என்ற திட்டம் ஏழோடு நின்றது. 1976இல் சொந்தமாக 500 தட்டுகள் அடித்தார்கள். வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. 1977இல் பிழைப்பு தேடி வெர்மான்ட் மாநிலத்துக்குப் போனார்கள். 1982இல் டேவிட் மட்டும் ஊர் திரும்பினார். 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். இறப்பதற்கு முன் மூல டேப்புகளைப் பாபியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும், பத்திரமாக வை என்று சொல்லியிருக்கிறார். டேப்புகள் பாபி வீட்டுப் பரணில் கிடந்தன. அந்த 500 தட்டுகளில் ஒன்றிரண்டு பழைய தட்டு சேகரிப்பவர்கள் கைக்குப் போய், 2008 வாக்கில் கலிஃபோர்னியாவில் ஒரு விருந்தில் ஒலித்தபோது, அங்கிருந்த பாபியின் மகன் அது தன் அப்பாவின் குரல் என்று அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டு டிராக் சிட்டி நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. 2012இல் ஆவணப்படமும் வந்தது.

டேவிட்டின் மறுப்பைக் கேட்டுப் புல்லரித்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொள்கை வீரர் என்பார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாக மகிழ முடியவில்லை. ஒரு ‘மாட்டேன்’ என்பதற்கு 34 ஆண்டுகள் விலை. அதே சொல்லை அந்தக் காலத்து வெள்ளைப் பையன்கள் சொன்னபோது அதுவே விளம்பரமானது. செக்ஸ் பிஸ்டல்ஸ் ஒரு நிறுவனத்தோடு சண்டை போட்டால் அடுத்த நிறுவனம் காசோலையோடு நின்றது. இறங்குவதற்கு ஒரு ஏணி தயாராக இருப்பவரின் கலகமும், கீழே ஒன்றுமே இல்லாதவரின் கலகமும் ஒரே எடையா?

‘பங்கின் முதல் குழு டெத்’ என்று நிறுவும் வாதமும் எனக்கு உவப்பானதில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1974இலேயே ப்யூர் ஹெல் என்ற நான்கு கறுப்பின இளைஞர்களின் குழு இருந்தது. நியூயார்க் போய் அங்கிருந்த பங்க் கூட்டத்தோடே வாசித்தார்கள். அவர்களின் ஆல்பமும் 2000களில்தான் வெளியே வந்தது. ஆகவே ‘முதல்’ என்ற கோப்பையை வெள்ளையரிடமிருந்து பிடுங்கி டெத்துக்குக் கொடுத்தால் ப்யூர் ஹெல் இரண்டாமிடத்தில் நிற்க வேண்டும். கோப்பை யார் கையில் என்பதைவிட, பயிற்சி செய்ய யார் வீட்டில் அறை இருந்தது, எந்த அரங்கம் கதவைத் திறந்தது, டேப் யார் பரணில் கிடந்தது என்ற கேள்விகள்தான் நமக்குப் பயன்படும்.

இங்கே ஒரு உள்ளூர்க் கதை. நான் வேலை செய்யும் பகுதியின் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் ஒரு கல்லூரி மாணவி, சேர்த்துவைத்த காசில் செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிதார் ஒன்றை வாங்கினாள். சொந்தக்காரர்கள் ‘இதெல்லாம் பணக்கார வீட்டுப் புள்ளைங்க வாசிக்கிறது’ என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு கலைவிழாவுக்குப் பேர் கொடுக்கப் போனபோது, அதை நடத்திய முற்போக்கான மனிதர் மிகுந்த அன்போடு, ‘நீ பறை அடிச்சா இன்னும் பொருத்தமா இருக்குமேம்மா’ என்றாராம். அவள் என்னிடம் கேட்டாள்: ‘பறையும் எனக்குப் புடிக்கும்க்கா. ஆனா என்னப் பாத்தவுடனே அவருக்குப் பறைதான் ஞாபகம் வருதுன்னா, அது பாசமா?’

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பறையை மீட்டெடுத்தது நம் இயக்கங்களின் பெரிய சாதனை. சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று சாதி திணித்த வேலையை மறுத்து, அதே கருவியை விடுதலையின் கருவியாக மேடையேற்ற எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள்! அந்த உழைப்பின் பொருளே ‘நான் விரும்பி எடுக்கிறேன்’ என்பதுதானே. விரும்பி எடுப்பவருக்கு வேறொன்றை எடுக்கவும் வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய திணிப்புக்குப் புது மாலை போட்டதாக ஆகும். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பெயரெடுத்து 2018இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் வைத்தது ஏன் அவ்வளவு பேருக்குச் சிலிர்ப்பாக இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

லண்டனுக்குப் போவோம். 1976 ஜூலை 3. மரியான் எலியட் சையத் என்ற பெண்ணுக்கு அன்று 19ஆவது பிறந்தநாள். அப்பா சோமாலியாவைச் சேர்ந்தவர், அம்மா வெள்ளையர், வளர்ந்தது பிரிக்ஸ்டன். அன்று ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்ததைப் பார்த்தார். கூட்டம் சொற்பம்தான். இதை நானும் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. இசைப் பத்திரிகைகளில் ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்து ஒரு குழுவைச் சேர்த்தார். தொலைபேசி டைரக்டரியைப் புரட்டித் தனக்கு பாலி ஸ்டைரீன் என்று ஒரு பிளாஸ்டிக்கின் பெயரை வைத்துக்கொண்டார். குழுவின் பெயர் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்.

பாலி ஸ்டைரீன் மேடையில் நின்ற படங்களைத் தேடிப் பாருங்கள். பல்லுக்குக் க்ளிப், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடை, யாரும் ‘பாடகி’ என்றால் எதிர்பார்க்கும் எதுவும் இல்லை. பாட்டுகள் விளம்பரங்களையும் பிளாஸ்டிக்கையும் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் பற்றியவை. காதல் பாட்டை எதிர்பார்த்தவனுக்குச் சூப்பர்மார்க்கெட்டைப் பற்றிய பாட்டு கிடைக்கும். 1978இல் வந்த ‘ஜெர்ம்ஃப்ரீ அடலசென்ட்ஸ்’ அந்தக் குழு இருந்த காலத்தில் வந்த ஒரே ஆல்பம். பிறகு பாலி மனநலச் சிக்கலுக்கு ஆளானார். ஸ்கிசோஃப்ரினியா என்று தவறாகச் சொல்லி வைத்தியம் பார்த்தார்கள், பல ஆண்டுகள் கழித்துத்தான் பைபோலார் என்று தெரிந்தது. 2011இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். அவரைப் பற்றி 2021இல் வந்த ஆவணப்படத்தை இணைந்து இயக்கியது அவருடைய மகள் செலஸ்ட் பெல். இங்கேயும் பரணைத் திறந்தது குடும்பம்தான் என்பதைக் கவனியுங்கள்.

அதே 1976 ஆகஸ்டில் பர்மிங்காமில் எரிக் கிளாப்டன் மேடையிலேயே வெளிநாட்டவரை விரட்ட வேண்டும் என்று இனவெறியோடு பேசினார். கறுப்பினத்தவரின் ப்ளூஸைக் கற்றுப் பெயர் வாங்கியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார். இதைக் கண்டித்து ஒரு சிலர் இசைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ என்ற இயக்கம் பிறந்தது. ஒரு கடிதம்தான் தொடக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்குப் பேரணி. பல பத்தாயிரம் பேர் திரண்டார்கள். மேடையில் தி க்ளாஷ், ஸ்டீல் பல்ஸ் ஆகியோருடன் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் இந்த இயக்கத்தின் ஓரத்தில் முளைத்தது. 1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்கள் வந்து மூழ்கடித்துவிடுவார்களோ என்று மக்கள் அஞ்சுவதாகச் சொன்னார். அடுத்த ஆண்டு, லண்டனில் வளர்ந்த மூன்று பாகிஸ்தானி வம்சாவளி இளைஞர்களும் ஒரு வெள்ளை நண்பரும் சேர்ந்து குழு தொடங்கி, அதற்கு ‘ஏலியன் கல்ச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்நியப் பண்பாடு! வசவை எடுத்துப் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொள்வது நமக்கும் புரியும் வித்தை. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்ட காலத்து மனநிலைக்கு இது வெகு தூரமில்லை.

காலம் எப்படிப்பட்டதென்றால், 1979 ஏப்ரல் 23 அன்று, ஆசியர்கள் நிறைந்த சவுத்ஹால் பகுதியில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி கூட்டம் போட, அதை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் பாய்ந்ததில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் உயிரிழந்தார். அந்த ஆண்டில்தான் இந்தப் பையன்கள் கிதாரை எடுத்தார்கள். ஆசியப் பிள்ளை என்றால் பாங்ரா அல்லது சினிமாப் பாட்டு, பங்க் என்றால் வெள்ளைப் பையன். இரண்டுக்கும் நடுவில் நின்றவர்கள் எழுதிய பாட்டுகளும் அந்த நடுவைப் பற்றியவைதான்: வீட்டுக்குள் பெற்றோரின் ஊர், வாசலைத் தாண்டினால் தெருவின் வெறுப்பு. 1980இல் இரண்டு பாட்டுகள் கொண்ட ஒரு தட்டு, 1981இல் குழு கலைந்தது. அவ்வளவுதான் அவர்களின் மொத்த வரலாறு. சிறியதாக இருந்ததனால் தோற்றது என்று நான் எண்ணவில்லை. நம் ஊரில் இரண்டே இதழ் வந்து நின்றுபோன சிறுபத்திரிகைகள் செய்த வேலை நமக்குத் தெரியாதா?

தென்னாப்பிரிக்காவின் நேஷனல் வேக் குழுவுக்கு நிலைமை இன்னும் கடினம். 1979, ஜொகானஸ்பர்க். ஐவன் கேடி என்ற வெள்ளையரும், சொவெட்டோவைச் சேர்ந்த கேரி, பங்கா கோசா என்ற சகோதரர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். பங்க், ரெகே, ஃபங்க் எல்லாம் கலந்த இசை. 1950இன் குழுப் பகுதிகள் சட்டப்படி எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசே கோடு கிழித்திருந்த நாடு அது. ஊர், சேரி என்று வழக்கத்தில் இருப்பதைச் சட்டமாக எழுதிவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். பாட்டு எழுதும் முன்பே, குடியிருந்ததே குற்றம். போலீஸ் தொல்லை தீரவே இல்லை. 1981இல் ஒரே ஒரு ஆல்பம் வந்தது. ஏறத்தாழ 700 தட்டுகள் விற்ற நிலையில் அரசின் நெருக்கடியால் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. 1982இல் குழு முடிந்தது. 2013இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்தப் பாட்டுகளை மறுவெளியீடு செய்தது. அரசியல் பாட்டு என்றால் வரிகளில் அரசியல் இருக்க வேண்டும் என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்த வீட்டைத்தான் நான் உதாரணம் காட்டுவேன்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா? சிகாகோவின் பில்சன் பகுதி மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே 1991இல் தொடங்கிய லோஸ் க்ரூடோஸ் குழு ஸ்பானிய மொழியில்தான் பாடியது. அமெரிக்கா முழுதும் வெள்ளைப் பையன்கள் நிறைந்த அரங்குகளில் ஸ்பானிய மொழியில் கத்திப் பாடிவிட்டு, பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, இது எதைப் பற்றியது என்று பாடகர் மார்ட்டின் சொரொண்டெகி விளக்குவார். குடியேறிகளுக்கு எதிரான சட்டம், போலீஸ் வன்முறை, தெருவில் செத்த பையன்கள். யாரோ ஒருவர் இவர்களை ஒரு இனவசவைச் சொல்லி ‘அந்த’ குழு என்று குறிப்பிட, அதற்குப் பதிலாக எழுதிய பாட்டை மட்டும் ஆங்கிலத்தில் பாடினார்கள். திட்டியவனுக்குப் புரிய வேண்டுமே! லாஸ் ஏஞ்சல்ஸ் தொடக்கக்கால பங்கிலும் இப்படி ஒருவர் உண்டு: மெக்சிகோ குடியேறிகளின் மகளான ஆலிஸ் பேக், 1977இல் தி பேக்ஸ் குழுவின் பாடகி. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணின் கோபம் அந்தக் குரலில் இருந்தது என்பதைப் பிற்பாடு அவரே தன் வரலாற்று நூலில் எழுதினார். இடையில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். நூல் வந்தது 2011இல்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் எல்லோரும் தியாகிகள் போலத் தோன்றும். அப்படி இல்லை. வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸ் நான்கு கறுப்பின இளைஞர்களின் குழு. ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் 1977 வாக்கில் பங்குக்கு வந்தார்கள். அவர்களைப் போல் வேகமாகவும் நேர்த்தியாகவும் வாசிக்க அன்று ஆளில்லை. ஹார்ட்கோர் என்ற வகையே அவர்களுக்குக் கடன்பட்டது. அதே குழு 1982இல் டெக்சாஸ் போனபோது, தங்களுக்கு உதவிய உள்ளூர்க் குழுவின் பாடகர் தன்பாலின ஈர்ப்பாளர் என்று தெரிந்ததும் அவரிடம் கேவலமாக நடந்துகொண்டது. அன்றைய பங்க் உலகமே அதைப் பேசியது. ரசிகர்கள் இதைப் பூசி மெழுகுவதைப் பார்க்கிறேன். பூசக் கூடாது. இனவெறியின் அடியை வாங்கியவர் அடுத்தவரை அடிக்கமாட்டார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நம் வீடுகளில், நம் அமைப்புகளில் பெண்களும் திருநர்களும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மேலே சொன்ன சொரொண்டெகி, லோஸ் க்ரூடோஸுக்குப் பிறகு தொடங்கிய லிம்ப் ரிஸ்ட் குழு வெளிப்படையாகவே தன்பாலின ஈர்ப்பாளர்களின் பங்க் குழு. பேட் பிரெயின்ஸ் உருவாக்கிய அதே வேகத்தில் அது வாசித்தது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ், பாப்-பங்க் என்ற இனிப்பும் காரமும் கலந்த வகைக்குத் தாத்தா முறை. அவர்கள் 1977 ஜனவரியில் எந்த நிறுவனமும் இல்லாமல் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி 1000 தட்டுகள் அடித்தார்கள். விற்றுத் தீர்ந்து மேலும் மேலும் அடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு தன் முதல் தட்டின் உறையிலேயே ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு என்று செலவுக்கணக்கை அச்சிட்டது. படிப்பவர் தானும் செய்யலாம் என்பதற்காக. ஆனால் 500 பவுண்டு கடன் கொடுக்க ஆள் இருந்தது என்பதையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ‘நீயே செய்’ என்ற பங்க் முழக்கம் அழகானது. செய்வதற்கு மூலதனம் வைத்திருப்பவர் சொல்லும்போது அது கொஞ்சம் ‘உழைத்தால் முன்னேறலாம்’ போலவும் கேட்கும்.

1990களில் பாப்-பங்க் பெருவணிகமானது. கலிஃபோர்னியப் புறநகர் வெள்ளைப் பையன்களின் விடலைப் பருவ அலுப்பு உலகத்துக்கெல்லாம் பொதுவான அலுப்பாக விற்கப்பட்டது. நானும் கல்லூரி விடுதியில் அதைக் கேட்டுத் தலையாட்டியவள்தான், நல்ல மெட்டுகள், பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே வகையில் 2015இல் இணையம் வழியே அறிமுகமாகி, வெவ்வேறு மாநிலங்களில் இருந்தபடியே குழுவான மீட் மீ அட் தி ஆல்டர் பெண்களைக் கேளுங்கள். வெள்ளையரல்லாத மூன்று பெண்கள். அந்த வகையின் பெரிய நிறுவனமான ஃப்யூயல்ட் பை ராமென் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது 2020இல், அமெரிக்கத் தெருக்களில் கறுப்பினத்தவர் உயிருக்காகப் போராட்டம் நடந்த ஆண்டில். திறமை 2015இலும் இருந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரு பொது நூலகத்தில் தி லிண்டா லிண்டாஸ் என்ற நான்கு சிறுமிகளின் குழு வாசித்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன், டிரம்ஸ் வாசிக்கும் சிறுமியிடம் வகுப்புப் பையன் ஒருவன், சீனர்களிடமிருந்து விலகி இருக்கும்படி அப்பா சொன்னார் என்றானாம். நானும் சீனப் பெண்தான் என்றதும் பின்வாங்கியிருக்கிறான். அந்தப் பையனைப் பற்றியதுதான் பாட்டு. அவளுக்கு அப்போது பத்து வயது. வகுப்பறையில் ‘எங்க வீட்ல உன்கூட சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்தப் பாட்டுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

வரவேற்பு கிடைத்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 2003இல் ஜேம்ஸ் ஸ்பூனர் ‘ஆஃப்ரோ-பங்க்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். வெள்ளையர் கூட்டத்தில் ஒற்றையாளாக நிற்கும் கறுப்பின பங்க் இளைஞர்களைப் பற்றிய படம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்துத்தான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 2005இல் புரூக்ளினில் விழாவாக ஆனது. கூட்டம் பெருகியது, விளம்பர நிறுவனங்கள் வந்தன, ஸ்பூனர் விலகினார், இலவசமாக இருந்த விழாவுக்குப் பிற்பாடு கட்டணமும் வந்தது. இப்போது அங்கே பங்க் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு.

கேட்டுப் பார்க்க விரும்புபவர்கள் டெத் ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். மொத்தமே அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏலியன் கல்ச்சரின் இரண்டு பாட்டுகளும் இணையத்தில் கிடைக்கின்றன, ஒலித்தரம் சுமார். உங்களில் யாராவது விடுதி அறையிலோ மொட்டைமாடியிலோ வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தால், தேதி, இடம், வாசித்தவர்கள் பெயர் மூன்றையும் எழுதி ஒரு பிரதியைத் தோழி வீட்டில் வையுங்கள். ஃபோன் தொலைந்து மொத்தமும் போன கதைகளை நிறையக் கேட்டுவிட்டேன். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் கேட்கும்போது பாலியின் குரலோடு மல்லுக்கட்டும் சாக்சபோனைக் கவனியுங்கள். குழுவின் முதல் தட்டில் அதை வாசித்த லோரா லாஜிக், விளம்பரத்தைப் பார்த்துச் சேர வந்தபோது பள்ளி மாணவி.